பாதியில் போனவர்களும் கணக்கில் உண்டு: மணவாழ்க்கை ஆய்வுகளில் இடைநிற்றல்

ஒரு திருமணம் ஏன் நிலைக்கிறது, இன்னொன்று ஏன் முறிகிறது? விவாகரத்து ஆனவர்களிடம் போய்க் கேட்கலாம். ஆனால் முடிவு தெரிந்த மனது பழைய நாட்களையும் அந்த முடிவின் நிறத்தில்தான் பார்க்கும். "ஆரம்பத்திலிருந்தே சரியில்லை" என்று சொல்பவர், முதல் வருடத்தில் கேட்டிருந்தால் வேறு பதில் சொல்லியிருக்கக்கூடும். அதனால்தான் தம்பதிகளைத் தொடக்கத்திலேயே சந்தித்து, வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்ப் பேசும் ஆய்வுகள் நடக்கின்றன. அமெரிக்காவில் லோவெல் கெல்லி என்ற உளவியலாளர் 1930-களின் நடுவில் திருமணம் நிச்சயமான 300 ஜோடிகளோடு தொடங்கிய ஆய்வு 1980-களின் தொடக்கம் வரை தொடர்ந்தது. இப்படிப்பட்டதைத் தொடர் ஆய்வு என்போம். ஒவ்வொரு முறை போய்க் கேட்பதும் ஒரு சுற்று.

இதில் ஒரு சிக்கல் தவறாமல் வரும். ஒவ்வொரு சுற்றிலும் சிலர் கிடைக்க மாட்டார்கள். வீடு மாறியிருப்பார்கள், தொலைபேசி எண் மாறியிருக்கும், "இனி வேண்டாம்" என்று சொல்லிவிடுவார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விடுவதற்குச் சொல்லும் இடைநிற்றல் என்ற சொல்லையே இதற்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு சுற்றில் போகிறவர்கள் குறைவாகத்தான் தெரிவார்கள். சுற்றுகள் சேரச் சேரத்தான் அளவு புரியும். ஒவ்வொரு சுற்றிலும் 95 சதவீதம் பேரைத் தக்கவைத்துக்கொண்டாலே பெரிய வெற்றி. அப்படியே 10 சுற்று போனால் மிஞ்சுவது 60 சதவீதம். 20 சுற்று போனால் 36 சதவீதம். மிக நன்றாக நடந்த ஆய்வின் கணக்கே இது.

ஆட்கள் குறைவது மட்டும்தான் பிரச்சினை என்றால் கவலையில்லை. தொடக்கத்திலேயே கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம். யார் குறைகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பார்வைத்திறன் பற்றிய ஒரு தொடர் ஆய்வை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வேலை மாற்றத்தால் வேறு ஊருக்குப் போய் ஆய்விலிருந்து விடுபட்டால், அவருடைய கண்ணுக்கும் அதற்கும் பெரிதாகத் தொடர்பில்லை. மணவாழ்க்கை ஆய்வில் நிலைமை தலைகீழ். பிரிவு என்றாலே இரண்டு பேரில் ஒருவராவது வீடு மாறுகிறார், சில சமயம் இருவருமே. முகவரி போகிறது, எண் மாறுகிறது, பணம் நெருக்குகிறது, குழந்தைகள் யாரிடம் என்ற இழுபறி நடக்கிறது. அந்த நேரத்தில் "உங்கள் மணவாழ்க்கை பற்றிச் சில கேள்விகள்" என்று ஒரு கடிதம் வந்தால் யார் பிரித்துப் பார்ப்பார்கள்? நாம் அளக்க நினைத்த நிகழ்ச்சியே நம் கண்ணிலிருந்து ஆளை மறைத்துவிடுகிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்: இங்கே இடைநிற்றல் என்பது வெறும் நிர்வாகத் தொல்லை இல்லை, பல நேரங்களில் அது அந்தத் திருமணத்தைப் பற்றிய ஒரு தகவல்.

இது ஊகம் அல்ல. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968-இல் தொடங்கிய, வருமான மாற்றங்களைப் பின்தொடரும் குடும்ப ஆய்வு உலகிலேயே மிக நீண்ட காலம் நடந்துவரும் ஆய்வுகளில் ஒன்று. 1989 வாக்கில் அதன் தொடக்க உறுப்பினர்களில் பாதிப் பேர் இல்லை. இறந்தவர்களும் இதில் அடக்கம். 1998-இல் ஃபிட்ஸ்ஜெரால்டு, காட்ஷாக், மாஃபிட் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் யார் போனார்கள் என்று பார்த்தார்கள். வசதி குறைந்தவர்கள், வருமானத்திலும் மணவாழ்க்கையிலும் குடியிருப்பிலும் அதிகம் ஏற்ற இறக்கம் கண்டவர்கள்தான் கூடுதலாகப் போயிருந்தார்கள். ஆனால் இந்தக் காரணங்கள் எல்லாம் சேர்ந்தும் மொத்த இடைநிற்றலில் சிறு பகுதியைத்தான் விளக்கின. மிஞ்சியிருந்த மாதிரி, அதாவது ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்த குழுவில் எஞ்சியவர்கள், நாட்டு மக்களைப் பெருமளவு சரியாகவே பிரதிபலித்தது. பாதிப் பேர் போய்விட்டார்கள் என்பதற்காக ஓர் ஆய்வைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. 10 சதவீதம்தான் போயிருக்கிறது என்பதற்காக நிம்மதியாக இருக்கவும் முடியாது. எத்தனை பேர் போனார்கள் என்பதை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது.

இருப்பவர்களை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறையிலேயே ஒரு நல்ல பாடம் உண்டு. மணமகிழ்ச்சி தொடக்கத்தில் உச்சத்தில் இருக்கும், நடு வருடங்களில் இறங்கும், முதுமையில் மறுபடி ஏறும் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். கிண்ணம் போன்ற ஒரு வளைகோடு. வெவ்வேறு வயதுத் தம்பதிகளை ஒரே நேரத்தில் கேட்டதில் கிடைத்த படம் அது. ஆனால் 40 வருடம் சேர்ந்து வாழ்ந்தவர்கள் என்ற குழுவில், 15-ஆம் வருடத்தில் கசந்து பிரிந்தவர்கள் இருக்கவே முடியாது. மகிழ்ச்சி ஏறியதா, மகிழ்ச்சி இல்லாதவர்கள் வெளியேறினார்களா? 1980-இல் 2,033 திருமணமானவர்களோடு தொடங்கிய ஓர் அமெரிக்க ஆய்வில், அதே ஆட்களை 17 வருடத்தில் 5 சுற்று கேட்ட விவரங்களை வைத்து 2001-இல் ஒரு கட்டுரை வந்தது. பின்னாளில் ஏறும் அந்தக் கோடு அதில் இல்லை. சராசரி மகிழ்ச்சி இறங்கிக்கொண்டேதான் போனது, முதல் வருடங்களிலும் கடைசி வருடங்களிலும் கூடுதல் வேகத்தில். இந்த உதாரணத்தில் நடந்தது இடைநிற்றல் அல்ல, விவாகரத்தே ஆட்களை வடிகட்டியது. ஆனால் இடைநிற்றலும் இதே மாதிரிதான் வேலை செய்கிறது.

நாமே வெளியே அனுப்புகிறவர்கள்

எல்லா இடைநிற்றலும் பங்கேற்பாளர் செய்வதல்ல. "தம்பதி" என்பதையே அலகாக வைத்துத் தொடங்கும் ஆய்வுகளில், தம்பதி பிரிந்ததும் அவர்களுடைய பதிவை மூடிவிடுகிறார்கள். அவர்கள் விலகவில்லை, ஆய்வின் விதி அவர்களை விலக்கியது. எனக்கு இது மிகவும் வருத்தம் தரும் தவறு, ஏனென்றால் இது முழுக்க முழுக்கத் தவிர்க்கக்கூடியது. விவாகரத்து என்பது இங்கே விடை. அந்த விடை வந்ததும் ஆளை விட்டுவிட்டால் பிரிந்தபின் என்ன ஆனது, மறுமணம் ஆனதா, குழந்தைகள் எப்படி இருக்கிறார்கள் என்று எதுவும் கிடைக்காது.

சரி, என்ன செய்யலாம்? தம்பதியை அல்ல, ஆளைப் பின்தொடர வேண்டும். மிச்சிகனின் அந்தக் குடும்ப ஆய்வு அப்படித்தான் செய்கிறது: தொடக்க மாதிரியில் இருந்த குடும்பம் இரண்டாகப் பிரிந்தால், மாதிரியைச் சேர்ந்தவர் எந்த வீட்டுக்குப் போனாலும் பின்னால் போவார்கள். 2008-இல் ஜெர்மனியில் 12,000-க்கும் மேற்பட்டவர்களோடு தொடங்கிய குடும்ப ஆய்வில் ஒவ்வொரு உறவிலும் ஒருவர்தான் நங்கூரம். அவர் சம்மதித்தால் துணையிடமும் கேட்பார்கள். துணை மாறினாலும், துணையே இல்லாமல் போனாலும் நங்கூரம் ஆய்வில் நீடிப்பார். 1986-இல் டெட்ராய்ட் பகுதியில் 373 புதுமணத் தம்பதிகளோடு தொடங்கிய ஆய்வு பிரிந்தவர்களையும் தொடர்ந்து பேட்டி கண்டது.

எனவே கணக்கேட்டில் மூன்று நிலைகளைத் தனித்தனியாக எழுத வேண்டும்: விவாகரத்து ஆனது தெரியும், இருவரில் ஒருவர் இறந்தது தெரியும், என்ன ஆனார்கள் என்றே தெரியவில்லை. இந்த மூன்றையும் "தற்போது இல்லை" என்ற ஒரே கட்டத்தில் போட்டுவிட்டால் பிறகு எந்தக் கணிதமும் உதவாது. மூன்றாவது நிலையிலும் ஆள் கிடைக்கவில்லையா, கிடைத்தும் மறுத்தாரா என்று குறித்து வைப்பது நல்லது. முன்னது பெரும்பாலும் வீடு மாறியதைக் காட்டுகிறது, பின்னது மனநிலையை.

மூன்று விதமான காணாமல் போதல்

டொனால்ட் ரூபின் என்ற புள்ளியியலாளர் 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து வளர்ந்த பாகுபாடு இன்றும் இந்தத் துறையின் அரிச்சுவடி. விவரம் ஏன் காணாமல் போனது என்பதை மூன்றாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எதோடும் தொடர்பில்லாமல் போவது. தபாலில் சில படிவங்கள் தொலைந்துவிட்டன, அவ்வளவுதான். மிஞ்சியவர்கள் போனவர்களைப் போலவே இருப்பார்கள். மணவாழ்க்கை ஆய்வில் இதை எதிர்பார்ப்பது பேராசை.

இரண்டாவது, நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் விவரங்களால் விளக்கக்கூடியது. போன சுற்றில் "எங்களுக்குள் அடிக்கடி சண்டை" என்று சொன்னவர்கள் அதிகம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அப்படிச் சொன்னவர்களுக்குள், போனவர்களும் இருப்பவர்களும் ஒரே மாதிரி. அப்படியானால் தப்பித்தோம், பழைய பதில்களை வைத்துச் சரிசெய்யலாம்.

மூன்றாவதுதான் கடினம். பதில் எதுவோ அதுவே காணாமல் போனதற்குக் காரணம், அந்தப் பதிலோ நம்மிடம் இல்லை. போன சுற்றில் "எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது" என்றார்கள், இடையில் திடீரென்று பிரிந்தார்கள், பிரிந்ததால் மறைந்தார்கள். கையிலிருக்கும் விவரங்களில் இதற்குத் தடயமே இருக்காது.

எந்த வகை என்பதை விவரங்களை மட்டும் பார்த்துத் தீர்மானிக்க முடியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். முதல் வகை இல்லை என்று காட்டிவிடலாம். இரண்டா மூன்றா என்று பிரிக்கத் தேவையான பதில்கள், போனவர்களோடு போய்விட்டன.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

எண்கள் கற்பனை, வழிமுறை உண்மை. முதல் சுற்றில் 1,000 தம்பதிகள். 600 தம்பதிகள் அமைதியாக வாழ்கிறவர்கள், 400 தம்பதிகள் அடிக்கடி சச்சரவு என்றவர்கள். அடுத்த சுற்றுக்கு அமைதியானவர்களில் 90 சதவீதம், அதாவது 540 தம்பதிகள் கிடைத்தார்கள். சச்சரவுக்காரர்களில் பாதி, அதாவது 200 தம்பதிகள். முன்னவர்களில் 27 விவாகரத்து, பின்னவர்களில் 50.

இருப்பவர்களை மட்டும் எண்ணினால் 740-க்கு 77, அதாவது 10.4 சதவீதம். இப்படி எண்ணித்தான் பல அறிக்கைகள் வெளியே போகின்றன.

இப்போது எடை கொடுப்போம். சச்சரவுக் குழுவில் இரண்டு தம்பதிகளில் ஒன்றுதான் கிடைத்தது, ஆகவே கிடைத்த ஒவ்வொரு தம்பதியும் தனக்காகவும் காணாமல் போன ஒரு தம்பதிக்காகவும் பேச வேண்டும். எடை 2. அமைதிக் குழுவில் 90 சதவீதம் கிடைத்ததால் எடை 1.11. ஆக 27 என்பது 30 ஆகிறது, 50 என்பது 100 ஆகிறது. மொத்தம் 1,000-க்கு 130, அதாவது 13 சதவீதம். ஆய்வில் நீடிக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டு, அந்த வாய்ப்பின் தலைகீழை (1-ஐ அதனால் வகுத்தால் வருவதை) எடையாக வைப்பதுதான் இது. நிஜத்தில் சச்சரவு மட்டுமல்லாமல் வயது, வருமானம், சொந்த வீடா வாடகையா, குழந்தை உண்டா, போன சுற்றில் எத்தனை முறை அழைத்தபின் பதில் கிடைத்தது என்று பலவற்றைச் சேர்த்து அந்த வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். கடைசியாகச் சொன்னதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். எட்டாவது அழைப்பில் கிடைத்தவர் அடுத்த முறை கிடைக்காமல் போகப்போகிறவருக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

ஓர் எச்சரிக்கை. ஒரு சிலரின் எடை 15, 20 என்று ஏறிவிட்டால் அந்த ஒரு தம்பதியின் கதை முழு முடிவையும் இழுத்துக்கொண்டு போகும். அதனால் எடைக்கு ஓர் உச்சவரம்பு வைப்பது வழக்கம்.

எடையிடல் மூன்றாவது வகையைத் தீர்க்காது. சச்சரவுக் குழுவில் காணாமல் போன 200 தம்பதிகளும், கிடைத்த 200 தம்பதிகளைப் போலவே 25 சதவீதம்தான் பிரிந்தார்கள் என்று அது வைத்துக்கொள்கிறது. அது தப்பாக இருந்தால்? அவர்களில் 40 சதவீதம் பிரிந்திருந்தால் 80 விவாகரத்து. அமைதிக் குழுவில் காணாமல் போன 60-இல் 3 என்று வைத்தால், மொத்தம் 27, 50, 80, 3 சேர்ந்து 160. விடை 16 சதவீதமாகிவிட்டது. இப்படி "அதுவாக இருந்தால் என்ன ஆகும்" என்று அனுமானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்ப்பதை உணர்திறன் சோதனை என்பார்கள். அதன் எல்லைகளும் தெரியும்: காணாமல் போன 260 தம்பதிகளில் ஒருவர்கூடப் பிரியவில்லை என்றால் 7.7 சதவீதம், அத்தனை பேரும் பிரிந்தார்கள் என்றால் 33.7 சதவீதம். இவ்வளவு அகலமான இடைவெளியைப் பார்த்துச் சிலர் சோர்ந்துபோகிறார்கள். ஆனால் விவரங்கள் மட்டும் சொல்வது அவ்வளவுதான், அதற்குள் எங்கே நிற்கிறோம் என்பது நம் அனுமானம். எந்த அனுமானத்தில் முடிவு கவிழ்கிறது என்று வாசகரிடம் காட்டிவிட்டால் அவரே எடைபோட்டுக்கொள்வார்.

எடை தவிர இன்னொரு வழி, காணாமல் போன பதில்களை மதிப்பிட்டு நிரப்புவது. ஒரே ஒரு முறை சராசரியை வைத்து நிரப்பினால் இல்லாத உறுதி வந்துவிடும். அதனால் ஒவ்வொரு வெற்றிடத்தையும் சாத்தியமான வெவ்வேறு மதிப்புகளால் பல முறை நிரப்பி, அத்தனை பிரதிகளிலும் தனித்தனியே கணக்கிட்டு, விடைகளைச் சேர்ப்பார்கள். விடைகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதே நம் அறியாமையின் அளவு. இதுவும் ரூபின் வழி வந்ததுதான். இடையில் ஒரு சுற்று மட்டும் தவறவிட்டுத் திரும்பி வந்தவர்களுக்கு இது அருமையாகப் பொருந்தும், முன்னும் பின்னும் விவரம் இருக்கிறதே.

கால அளவைக் கணக்கில் எடுக்கும் முறைகளும் உண்டு. 5 வருடம் சேர்ந்து இருந்ததைப் பார்த்தோம், பிறகு ஆளைக் காணோம். அந்த 5 வருடத்தை வீணாக்க வேண்டாம், "குறைந்தது 5 வருடம் நீடித்தது" என்று எழுதிக்கொள்ளலாம். கப்லனும் மையரும் 1958-இல் தந்த முறையும், டேவிட் காக்ஸ் 1972-இல் தந்த முறையும் இதைத்தான் செய்கின்றன. மென்பொருளில் ஒரு வரியில் முடிந்துவிடும் என்பதால் தொடக்க நிலையில் இருப்பவர்கள் இதோடு பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். தீரவில்லை. காணாமல் போனவருக்கும் அதே காலம் வரை ஆய்வில் நீடிப்பவருக்கும் அதற்குப் பிறகு பிரியும் ஆபத்து ஒன்றுதான் என்று அந்த முறைகள் எடுத்துக்கொள்கின்றன. பிரிவதற்கு முந்தைய மாதங்களில்தான் ஆட்கள் மறைகிறார்கள் என்றால் அந்த அடித்தளமே ஆடுகிறது, விவாகரத்து குறைத்துக் காட்டப்படும்.

ஆளை விடாமல் இருப்பது

எந்தக் கணிதத்தைவிடவும் ஓர் ஆளைத் தேடிக் கண்டுபிடிப்பது மேல். தொடக்கத்திலேயே, இருவரும் சேர்ந்திருக்கும்போதே, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத் தொடர்பு விவரம் வாங்க வேண்டும். ஒரு வீட்டுக்கு ஒரு எண் என்று வாங்கிவைத்தால், பிரிந்ததும் ஒருவர் தானாகவே தொலைந்துபோவார். "நீங்கள் வீடு மாறினால் யாரைக் கேட்டால் தெரியும்?" என்று இரண்டு மூன்று பேரின் பெயரையும் கேட்டுவைக்கலாம். அந்தப் பெயர்கள் எல்லாமே ஒருவர் பக்கத்து உறவாக இருக்கக் கூடாது.

பிரிந்தபின் இன்னொரு கடமை சேர்கிறது. ஒருவர் எங்கே இருக்கிறார் என்று மற்றவரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லக் கூடாது, ஒருவரின் எண்ணை மற்றவர் வழியாகத் தேடவும் கூடாது. அடிக்கு அஞ்சி ஓடியவராக இருக்கலாம். ஒரு பதிலுக்காக ஒருவரின் பாதுகாப்பைப் பணயம் வைக்க எந்த ஆய்வுக்கும் உரிமை இல்லை. பதில் சொல்ல மாட்டேன் என்பதும் அவருடைய உரிமைதான், காரணம் கேட்காமல் ஏற்றுக்கொள்ள வேண்டியது.

ஆய்வின் பெயரும் ஆளைத் துரத்தும். உறையின் மேல் "மணவாழ்க்கை ஆய்வு" என்று அச்சிட்டு, நேற்று வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு வந்தவருக்கு அனுப்பினால், தனக்கு இதில் இனி வேலையில்லை என்றுதான் அவர் நினைப்பார். பொதுவான பெயரும், "உங்கள் சூழல் எப்படி மாறியிருந்தாலும் நீங்கள் எங்களுக்கு வேண்டும்" என்ற ஒரு வரியும் போதும். அப்புறம் சுற்றுகளுக்கு இடையே ஒரு வாழ்த்து அட்டை, சிறு அன்பளிப்பு, நேரில் முடியாதவருக்குத் தொலைபேசியில் பத்து நிமிடப் பேட்டி. ஒரு சுற்று தவறியவரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடாமல் இருப்பது இவற்றையெல்லாம்விடப் பலன் தரும். வாழ்க்கை கொஞ்சம் அடங்கியதும் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

ஆள் கிடைக்காவிட்டாலும் நிகழ்ச்சி பதிவாகியிருக்கலாம். டென்மார்க்கில் 1968 முதல் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள எண் உண்டு, திருமணமும் விவாகரத்தும் அரசுப் பதிவேட்டில் ஏறிவிடும். அங்கே கேள்விகளுக்குப் பதில் சொல்லாதவரின் மணநிலையையும் அனுமதி பெற்ற ஆய்வாளரால் அறிய முடியும். பதிவேட்டோடு ஒப்பிட்டதில் ஒரு தெளிவும் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவில் 1995-இல் நடந்த ஒரு கணக்கெடுப்பில் 1,811 பேரின் விவரங்களை விவாகரத்துச் சான்றிதழ்களோடு ஒப்பிட்டு, கோல்டர் மிட்செல் 2010-இல் ஒரு கட்டுரை எழுதினார். விவாகரத்து ஆனதை மறைத்துப் பதில் சொன்னவர்கள் அரிது. பிழையின் பெரும்பகுதி பதிலே சொல்லாதவர்களால் வந்தது. மக்கள் பொய் சொல்வார்களோ என்று நாம் படும் கவலையில் பாதியையாவது பேசக் கிடைக்காதவர்கள் மேல் திருப்பலாம். ஆனால் பதிவேட்டில் சட்டப்படியான விவாகரத்துதான் இருக்கும். ஒரே ஊரில் இரண்டு வீட்டில் தனித்தனியாக வாழ்கிறவர்கள் அதில் தம்பதிதான்.

ஒவ்வொரு பேட்டியின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வியைச் சேர்க்கச் சொல்லிப் புள்ளியியலாளர்கள் பரிந்துரைப்பது உண்டு: "அடுத்த முறை நாங்கள் வரும்போது நீங்கள் பங்கேற்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது?" கேட்க அரை நிமிடம். "சந்தேகம்தான்" என்று தயங்கியவர்களிலும் சிலர் அடுத்த முறை வந்துவிடுவார்கள். அப்படி வந்தவர்களின் மணவாழ்க்கையில் இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பது, தயங்கி அப்படியே போய்விட்டவர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கக்கூடிய மிக நெருங்கிய துப்பு. காரணம் தெரியாமல் மறைந்தவர்களில் ஒரு பகுதியை அந்தப் பதில் மூன்றாவது வகையிலிருந்து இரண்டாவது வகைக்கு நகர்த்தித் தருகிறது.